மலையேறும் குடும்பத்தாருக்கு உகந்த சமையற் பாத்திரங்கள்



டிசம்பர் மாதத்துப் பூரணையோடு சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் தொடங்கி, மே மாதத்து வெசாக் பூரணையோடு நிறைவுறுகின்றது. இக்காலத்தில் தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைவோர் பலர். கைக்குழந்தையும் வருவதுண்டு, ஊன்றுகோலுடன் பாட்டியாரும் வருவதுண்டு. ஆறேழு பேர் கொண்ட குடும்பம் இரண்டு நாளும் கடையிலே உண்பதென்றால், நாட்கூலியில் வாழ்வோர்க்கு அது பெருஞ்செலவு. ஆதலின் அரிசி, பருப்பு, தேயிலை, சீனி முதலியவற்றோடு சட்டி பானைகளையும் சுமந்து செல்வது நம் மலையக வழக்கமாயிற்று. விடுமுறையிற் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கூடாரமடித்துத் தங்கச் செல்வோருக்கும் இத்தேவை உண்டு.

இவ்வாறு செல்வோர் கடையிற் கேட்கும் கேள்வி ஒன்றே: “எந்தப் பாத்திரம் நெடுநாள் உழைக்கும்?” கேள்வி நல்லதே. ஆயினும் அதற்கு விடை காணுமுன், மலை நமது பாத்திரத்தை என்ன செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். அதனை அறியாதார் ஆண்டுதோறும் புதுச்சட்டி வாங்கிக்கொண்டேயிருப்பர்.

கடற்கரையிலே நீர் 100 பாகை செல்சியசிற் கொதிக்கின்றது. உயரம் ஏற ஏறக் காற்றின் அமுக்கம் குறைகின்றது. அமுக்கம் குறையவே, நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கத் தொடங்குகின்றது. ஏறத்தாழ முந்நூறு மீற்றர் உயரத்துக்கு ஒரு பாகை குறையும் என்று கணக்கிடலாம். ஹட்டன் நகரிலே நீர் 96 பாகையளவிற் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவிலே 94 பாகையளவிற் கொதிக்கும். 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலை உச்சியிலே அது 93 பாகையை எட்டுவதும் அரிது. கொழும்பிலே விரைவில் மலரும் கடலையும் பயறும் நுவரெலியாவிலே நேரங் கடந்தும் கல்லாய்க் கிடப்பதன் காரணம் இதுவே.

இந்த உண்மையை அறியாதவர்கள் பாத்திரத்தின்மேல் பழி போடுவது புதிதன்று. இயற்கையறிஞர் சார்ள்ஸ் டார்வின் 1835ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரைக் கடந்தார். வழியிலே உயர்ந்ததோரிடத்தில் இரவு தங்கியபோது, உருளைக்கிழங்கு மணிக்கணக்காகக் கொதித்தும் வேகவில்லை. பானையை இரவு முழுவதும் அடுப்பின்மீதே விட்டுவைத்து, காலையில் மறுபடியும் கொதிக்க வைத்தார்கள். அப்போதும் கிழங்கு வேகவில்லை. உடன்வந்த வழிகாட்டிகள் இருவரும் தமக்குள் ஆராய்ந்து, “பானை புதியது, அதற்குக் கிழங்கை வேகவைக்க மனமில்லை” என்னும் கருத்துப்பட ஒரு முடிவுக்கு வந்தனராம். இதனை டார்வினே தமது பயண நூலில் எழுதிவைத்துள்ளார்.

நாம் அவர்களைப் பார்த்து நகைத்தற்கு இடமில்லை. பருப்பு வேகவில்லையென்றால் நாம் செய்வதென்ன? விறகை மேலும் மேலும் திணிக்கின்றோம். கொதிக்கின்ற நீர் எவ்வளவு எரித்தாலும் அதற்குமேற் சூடேறாது. விரைவாக ஆவியாகி வற்றுமேயன்றி வேறில்லை. நீர் வற்றியபின் அவ்வெப்பமெல்லாம் பாத்திரத்தின் அடியையே தாக்குகின்றது. அடி கருகுகின்றது, மெல்லிய தகடு நெளிகின்றது, பிடி தளர்கின்றது. மலையிலே சமையற் பாத்திரம் விரைவிற் கெடுவதற்குப் பெரும் காரணம் இந்த வீண் நெருப்பே ஆகும்.

இதற்குப் பரிகாரம் பிரெஞ்சு அறிஞர் டெனிஸ் பப்பின் என்பவரால் 1679ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது. மூடியை இறுக்கி ஆவியை உள்ளே அடக்கினால் அமுக்கம் உயரும். அமுக்கம் உயர்ந்தால் கொதிநிலையும் உயரும். அவர் செய்த கலத்தின் வழிவந்ததே இன்றைய பிரஷர் குக்கர். நுவரெலியாவின் உயரத்திலும் அதனுள்ளே வெப்பம் 115 பாகையைத் தாண்டும். ஆகவே மலையேறும் குடும்பம் ஒரு பாத்திரத்திற்கே பணம் செலவிட முடியுமாயின், அது குக்கராய் இருத்தல் நன்று. விறகும் மண்ணெண்ணெயும் மிச்சமாகும். குழந்தைக்கும் முதியவருக்கும் நன்கு வெந்த உணவு கிடைக்கும். போஞ்சி விதை போன்றவற்றின் அரைவேக்காடு வயிற்றுக்குத் தீங்கு என்பதையும் மறவாதீர்கள்.

இனி உலோகங்களைப் பார்ப்போம்.

பித்தளை நம் முன்னோரின் உலோகம். காப்பித் தோட்டக் காலத்திலே மன்னார்ப் பக்கமிருந்து மாத்தளை நோக்கிக் காட்டுவழியே நடந்து வந்த மக்கள் வழியிலேயே சமைத்து உண்டு வந்தனர். பித்தளைக் குடமும் அண்டாவும் பிற்காலத்திலும் சீர்வரிசையாகவும் அவசரத்துக்கு அடகுப் பொருளாகவும் உதவின. தலைமுறை கடந்து உழைக்கும் தன்மை அதற்குண்டு. எனினும் அது மிகப் பாரமானது. புளி சேர்ந்தால் செம்பின் களிம்பு உணவிற் கலக்கும். ஆகையால் உள்ளே ஈயம் பூசுதல் வேண்டும். பூசப்படும் வெள்ளீயமோ 232 பாகையில் உருகுவது. வெறும் பாத்திரத்தை நெருப்பில் விட்டால் பூச்சு வழிந்துவிடும்.

அலுமினியம் இலேசானது; உருக்கின் பாரத்தில் மூன்றிலொரு பங்கே உள்ளது. வெப்பத்தை எவர்சில்வரைவிடப் பதினைந்து மடங்களவு விரைவாகக் கடத்தும். ஆதலால் அடிப்பிடித்தல் குறைவு. ஆனால் மெல்லிய அலுமினியம் மலைப்பயணத்துக்கு ஆகாது. அது 660 பாகையில் உருகுவது. விறகின் தணலோ அதனினும் சூடேறக்கூடியது. நீர் வற்றினால் நெளிவதென்ன, ஓட்டையே விழலாம். இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்புள்ளதை வாங்குங்கள். புளிக்குழம்பையும் தக்காளிக் குழம்பையும் அதில் நெடுநேரம் வைத்திராதீர்கள்.

எவர்சில்வர் எனப்படும் துருவேறா உருக்கு புளிக்கும் உப்புக்கும் அஞ்சாது. விழுந்தாலும் பெரிதும் நெளியாது. நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் கலந்தது சமையலுக்குச் சிறந்தது. அதன் அடியில் 18/8 என்றோ 304 என்றோ பொறித்திருப்பதுண்டு. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல உருக்கு என்று சிலர் கருதுவர். மலிவான சில கலவைகளிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே அச்சோதனையை மட்டும் நம்பி முடிவு செய்தல் ஆகாது. இதன் குறை வெப்பத்தைப் பரப்பாமையே; நெருப்புப் படும் இடத்தில் மட்டும் சோறு கருகும். தேநீருக்கும் குழம்புக்கும் இது ஏற்றது.

வார்ப்பிரும்பு ரொட்டிக்கும் தோசைக்கும் ஒப்பற்றது; எண்ணெய் பூசிப் பழக்கினால் பேரப்பிள்ளை காலம்வரை வரும். ஆனால் சுமைக்கு ஆகாது. கல்லில் விழுந்தால் வெடிக்கும். ஒட்டாத பூச்சிட்ட தாச்சி, அடுக்களையில் இளஞ்சூட்டுக்கு உரியது. 260 பாகைக்கு மேல் அதன் பூச்சு கெடத் தொடங்கும். மேலும் சூடேறினால் தீய புகையும் எழும். திறந்த விறகடுப்பில் அதை வைத்தல் கூடாது. மண்சட்டியின் சுவை பெரிது. ஆயினும் அது வீட்டிலேயே இருக்கட்டும்.

ஐந்து பேர் கொண்ட குடும்பம் எவற்றைக் கொண்டுசெல்லலாம்? ஐந்து லீற்றர் கொள்ளும் தடித்த அலுமினியக் குக்கர் ஒன்று, அதனுள் அடங்கும் எவர்சில்வர்ச் சட்டி ஒன்று, தேநீருக்கு ஒரு சிறு கேத்தல், ரொட்டி சுட மெல்லிய இரும்புத் தகட்டுக்கல் ஒன்று, ஓர் அகப்பை: இவை போதும். ஒன்றனுள் ஒன்று அடங்கும்படி அளவு பார்த்து வாங்கினால் ஒரே சாக்கில் முடிந்துவிடும். பிடி ஆணியடித்து இறுக்கப்பட்டதா, மூடி ஆடாமற் பொருந்துகின்றதா, அடி தட்டையாய் உள்ளதா என்று கடையிலேயே தரையில் வைத்துப் பாருங்கள். குக்கரின் இறப்பர் வளையமும் காப்புவாயிலும் பின்னர் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். உதிரிப்பாகம் கிடைக்காத குக்கர் எவ்வளவு தடிப்பாயினும் நெடுநாள் உழைக்காது.

பேணுதலும் சிறிது உரைப்போம். குக்கரிலே தானியமும் பருப்பும் பாதிக்குமேல் நிரப்பாதீர்கள். ஆவித்துளையை வெளிச்சத்தில் பார்த்தபின்னரே மூடுங்கள். ஆவி முற்றும் அடங்கியபின்னரே திறவுங்கள். மண்ணெண்ணெய் அடுப்போ வாயு அடுப்போ குக்கருக்கு நல்லது. சுவாலை பிடியைத் தீண்டினால் பிடியும் வளையமும் கருகிவிடும். கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு கொண்டு எரிக்கும்போது, சட்டியின் வெளிப்புறத்தில் நீரிற் குழைத்த சவர்க்காரத்தையோ சாம்பலையோ முன்னதாகப் பூசிவையுங்கள்; கரி எளிதிற் கழுவுப்படும். மணல் கொண்டு உள்ளே தேய்க்காதீர்கள்.

குடிநீரைப் பற்றி ஐயம் வேண்டா. 94 பாகையிற் கொதித்தாலும் நோய்க்கிருமிகள் மடியும். பொங்கிக் கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் விடுங்கள். 2,000 மீற்றருக்கு மேல் மூன்று நிமிடம் விடுங்கள்.

இறுதியாக, அடுப்பு மூட்டுவது அடிவாரத்துத் தங்குமிடத்திலேயே ஆகட்டும். சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடும் ஹோட்டன் சமவெளியும் 2010ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமையின் பகுதிகளாக விளங்குகின்றன. யாத்திரைக் காலமோ பெரும்பாலும் வறண்ட காலம். ஒரு தணல் போதும், புல்வெளி முழுவதும் எரிவதற்கு. கீழே சமைத்து, மூடியுள்ள பாத்திரத்தில் உணவை எடுத்துக்கொண்டு ஏறுங்கள். உச்சியிலே விடியற்காலைக் குளிரில் பாட்டியாருக்கும் பேரனுக்கும் கொடுக்க அதுவே போதுமானதாகும். நன்கு தேர்ந்த பாத்திரம் அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் உங்களோடு மலையேறும். மிச்சமாகும் பணம் பிள்ளையின் புத்தகத்திற்கு உதவும்.