முகவரி மாறினால் மதிப்பும் மறைய வேண்டுமா?

பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கட்டுரை ஒன்றை அண்மையில் திருத்த நேர்ந்தது. அதில் மேற்கோள் காட்டியிருந்த புள்ளிவிவர அறிக்கையைத் தேடி, ஓர் அரசுத் துறையின் இணையதளத்துக்குச் சென்றேன். '404 - பக்கம் காணப்படவில்லை' என்ற அறிவிப்பே வந்தது. அறிக்கையை நீக்கிவிட்டார்களோ என்று பார்த்தால், இல்லை. தளத்தைப் புதுப்பித்தபோது வேறு முகவரிக்கு மாற்றியிருக்கிறார்கள். கூகுள் தேடலிலும் அது முன்வரிசையில் இல்லை. கண்டுபிடிக்க அரைநாள் ஆயிற்று.

இதன் காரணம் பொருளியல் மாணவனுக்கு எளிதில் விளங்கக்கூடியதே. 1998-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரினும் வெளியிட்ட 'பேஜ்ரேங்க்' முறை, ஆய்வுலகின் மேற்கோள் மரபைத் தழுவியது. ஒரு பக்கத்துக்குப் பிறர் தரும் இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு நற்சான்று. மதிப்புமிக்கவர் தரும் நற்சான்றுக்கு எடை அதிகம். இன்று தரவரிசையை வேறு பல காரணிகளும் தீர்மானிக்கின்றன. எனினும் இணைப்புகளுக்கு இன்னும் இடமுண்டு. இந்த நற்சான்றுகள் யாவும் ஒரு குறிப்பிட்ட முகவரியின் பெயரில்தான் சேர்கின்றன.

அந்த முகவரி 404 என்று பதிலளிக்கத் தொடங்கினால், தேடுபொறி சிலமுறை வந்து பார்த்துவிட்டுத் தன் அட்டவணையிலிருந்து அதனை நீக்கிவிடும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த மதிப்பு வீணாகும். புதிய முகவரியோ ஒன்றுமில்லாத நிலையிலிருந்து தொடங்க வேண்டும்.

சில பக்கங்கள் 404 காட்டினால் தளம் முழுவதுமே தண்டிக்கப்படும் என்றொரு தவறான எண்ணம் நிலவுகிறது. அப்படியல்ல என்று கூகுள் தெளிவுபடுத்தியுள்ளது. உண்மையிலேயே நீக்கப்பட்ட பக்கத்துக்கு 404 அல்லது 410 என்பதே நேர்மையான பதில். உயிரோடிருக்கும் பக்கத்தை இறந்ததாக அறிவிப்பதுதான் பிழை.

இதற்குத் தீர்வு, 301 எனப்படும் நிரந்தரத் திசைமாற்றம். வீடு மாறியவரின் கடிதங்களை அஞ்சலகம் புதிய வீட்டுக்கு அனுப்பிவைப்பதைப் போன்றது இது. பழைய முகவரியின் மதிப்பும் புதியதற்கு வந்துசேரும். 302 என்பது தற்காலிக மாற்றம். அதைக் கண்டால் தேடுபொறி பழைய முகவரியையே பட்டியலில் வைத்திருக்க முற்படும். திசைமாற்றத்தைக் குறைந்தது ஓராண்டாவது நீடிக்கச் செய்யுமாறு கூகுள் அறிவுறுத்துகிறது. எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புப் பக்கத்துக்கே திருப்பிவிடுவது பயன் தராது. தேடுபொறி அதையும் 404 போலவே கருதக்கூடும்.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளுக்குப் பின் கிடைக்கவில்லை. பொருளியலில் இதைப் புறவிளைவு என்போம். பழைய முகவரிகளுக்கும் புதியவற்றுக்கும் ஓர் அட்டவணை தயாரிக்கும் சிறு உழைப்பைத் தளத்தை வடிவமைப்பவர் மிச்சப்படுத்துகிறார். அதன் விலையை முகந்தெரியாத மாணவரும் ஆய்வாளரும் செலுத்துகிறார்கள்.

தனியார் நிறுவனம் இப்படிச் செய்தால் வாடிக்கையாளரை இழக்கும். ஆகவே அது தானே திருத்திக்கொள்ளும். அரசுத் துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் அந்த அச்சம் இல்லை. எனவே, இணையதளப் புதுப்பிப்புக்கான ஒப்பந்தப்புள்ளி ஒவ்வொன்றிலும் இந்த அட்டவணையை ஒரு கட்டாய நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும். மக்கள் பணத்தில் உருவான அறிக்கை, மக்கள் தேடும்போது கிடைத்தாக வேண்டும்.