சொல்லச் சொல்ல நிலைக்கும் புத்தகம்

தருமபுரி வட்டாரத்தில் திரௌபதியம்மன் கோயிலில் பாரதத் திருவிழா என்றால் பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்திலிருந்து ஒரு பாட்டைச் சொல்லி, அதை ஊர்ப் பேச்சில் விளக்குவார். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிகூட, கர்ணன் கவசத்தைக் கொடுத்தது முதல் அபிமன்யு வியூகத்தில் சிக்கியது வரை வரிசை மாறாமல் சொல்வது இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான். படித்தவர் ஒருவர்; மனதில் வைத்துக்கொண்டது ஊர்.

இது பக்தியால் மட்டும் நடப்பதல்ல. படித்ததைப் பிறருக்குச் சொல்வதற்கும் மூளை வேலை செய்யும் விதத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

பேச்சைக் குழந்தை தானாகவே பிடித்துக்கொள்கிறது. எழுத்தை யாராவது கற்றுக்கொடுத்தால்தான் வரும். எழுத்து தோன்றி ஏறக்குறைய 5,000 ஆண்டுகளே ஆகின்றன. படிப்பதற்கென்றே மூளையில் தனிப்பகுதி ஒன்று பரிணாமத்தில் உருவாக இந்தக் காலம் போதாது. பிறகு எப்படிப் படிக்கிறோம்? முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பார்வைப் பகுதியில், மூளையின் இடது பின்பக்க அடிப்புறத்தில் உள்ள ஒரு சிறு இடம், எழுத்தை அறியும் வேலையையும் ஏற்றுக்கொள்கிறது என்கிறார் பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹேன். அந்த இடம் பேச்சுக்குரிய பகுதிகளோடு இணைந்து வேலை செய்யும்போதுதான் எழுத்து சொல்லாகிறது, சொல் பொருளாகிறது. வாய் மூடிப் படித்தாலும் மூளைக்குள் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த மாற்றத்துக்கு வயது தடையில்லை. பிரேசில், போர்ச்சுகல் நாடுகளைச் சேர்ந்த 63 பேரிடம் தெஹேன் குழுவினர் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. பெரியவர்களான பிறகு எழுத்தறிந்தவர்களின் மூளையிலும் இந்த மாற்றம் தெரிந்தது. லக்னோவை அடுத்த கிராமங்களில் முப்பது வயதை ஒட்டியவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்து கற்றுக்கொடுத்து, முன்னும் பின்னும் மூளையைப் படம் பிடித்த இன்னோர் ஆய்வு 2017-இல் வந்தது. அந்த ஆறு மாதத்திலேயே அவர்கள் மூளையின் பார்வை அமைப்பில் மாற்றம் காண முடிந்தது.

தருமபுரிக்கு இது முக்கியமான செய்தி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 சதவீதம். மாநில சராசரியோ 80.09. தமிழ்நாட்டு மாவட்டங்களில் கடைசி இடம். அந்த இடைவெளியைக் குறைக்கப் பள்ளிகள் மட்டும் போதாது. எழுத்தறிந்தவர்கள் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். படித்ததை மற்றவர்களிடம் சொல்லவும் வேண்டும்.

சொல்லும்போது என்ன நடக்கிறது? அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் யூரி ஹாசன் குழுவினர், ஒருவர் தன் அனுபவத்தைக் கதையாகச் சொல்வதை ஸ்கேன் கருவிக்குள் பதிவு செய்தார்கள். பிறகு அதைக் கேட்டவர்களின் மூளையையும் பதிவு செய்தார்கள். சொன்னவர் மூளையில் எழுந்த இயக்கத்தைப் போன்றே, சில நொடிகள் தள்ளி, கேட்டவர் மூளையிலும் எழுந்தது. சில பகுதிகளில் கேட்பவரின் மூளை முந்திக்கொண்டு, அடுத்து வருவதை எதிர்பார்த்தது. இந்த ஒத்திசைவு கூடக் கூட, கதையும் நன்றாகப் புரிந்தது. தெரியாத மொழியில் கதை சொன்னபோது ஒத்திசைவு ஏற்படவில்லை. நண்பர் ஒருவர் ஆர்வத்தோடு ஒரு நாவலைப் பற்றிச் சொல்லும்போது, அதை உடனே வாங்கிப் படிக்க வேண்டும் போலிருக்கிறதே, அதன் வேர் இங்கே இருக்கலாம்.

சொல்பவருக்கும் ஆதாயம் உண்டு. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சாரார் ஒரு பகுதியை நான்கு முறை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் மூன்று முறை நினைவுகூர்ந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கணக்கு தலைகீழானது. படித்தவர்களுக்கு 40 சதவீதம், நினைவுகூர்ந்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவில் நின்றது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இன்னொருவரிடம் சொல்லும்போது நாம் செய்வதும் இதே பயிற்சிதான். பெயர் நினைவுக்கு வராமல் தடுமாறி, முன்பின் சம்பவங்களைக் கோத்து, "ஆங், அப்புறம்தான் அவன் ஊரைவிட்டுப் போறான்" என்று மீட்டெடுக்கும் அந்தச் சிரமம்தான் நினைவை உறுதியாக்குகிறது.

தருமபுரியில் இப்படிப் படித்ததைச் சொல்வதை ஓர் இயக்கமாகவே நடத்துகிறது தகடூர் புத்தகப் பேரவை. தகடூர் என்பது அதியமான் ஆண்ட இந்த ஊரின் பழைய பெயர். 2018-இல் தொடங்கிய தருமபுரி புத்தகத் திருவிழாவுக்குப் பின்னால் இந்தப் பேரவையின் உழைப்பு இருக்கிறது. திருவிழா ஆண்டுக்குச் சில நாள். நூல் அறிமுகக் கூட்டங்களோ அந்த ஆர்வத்தை ஆண்டு முழுவதும் தக்கவைக்கின்றன. ஒருவர் படித்துவிட்டு வந்து பேச, மற்றவர்கள் கேட்டு, வினவி, விவாதிக்கிறார்கள்.

சீர்காழியில் பிறந்த நூலக அறிவியல் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூலையும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரையும் பற்றியவை. நூலகத்தில் அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருந்தாலும், எந்தப் புத்தகம் யாருக்கு என்று அறிந்து சொல்ல ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதர் நூலகராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

கடைசியாக நீங்கள் படித்த புத்தகத்தை இந்த வாரம் ஒருவரிடம் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். முழுக்கதையும் வேண்டாம், உங்களை உலுக்கிய ஓர் இடத்தை மட்டும், புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள். வீட்டில் படிக்கத் தெரியாதவர் இருந்தால் முதலில் அவரிடம் சொல்லுங்கள். பிறகு படிக்கத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, புத்தகத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.