பழைய கம்ப்யூட்டருக்குக் கொஞ்சம் ஞாபகம்

கார்வேட்டிநகரம் கடைத்தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். உள்ளே ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு வயது பன்னிரண்டு. வாசலில் ஓர் அம்மா நிற்கிறார். மகளைக் கல்லூரியில் சேர்க்க விண்ணப்பம் போட வேண்டும். இன்றுதான் கடைசி நாள்.

"என்ன அண்ணா, இன்னும் வரலியா?"

"இருங்கக்கா, சுத்திக்கிட்டே இருக்குது."

திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றுகிறது. நின்றபாடில்லை. அம்மாவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. கடைக்காரருக்கு வேர்த்துக் கொட்டுகிறது.

"இதைத் தூக்கிப் போடு. புதுசு வாங்கு" என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். சொல்வது சுலபம். புதிது வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். பழையது வேலைக்கு ஆகாது என்பதும் சரியல்ல. 2000-ஆம் ஆண்டில் ஆந்திராவில் பெரியவர்களுக்குக் கம்ப்யூட்டர் மூலம் எழுத்து கற்றுக் கொடுக்கத் தொடங்கினார்கள். டாடா கன்சல்டன்சி நிறுவனத்தின் எஃப்.சி. கோலி அந்த வேலைக்கு முன்னால் நின்றார். அந்தப் பாடங்கள் பழைய, சக்தி குறைந்த கம்ப்யூட்டரிலும் ஓடும்படி செய்யப்பட்டிருந்தன.

சரி, நம் கடைக் கம்ப்யூட்டர் ஏன் திணறுகிறது?

ஒரு மாங்காய் மண்டியை நினைத்துப் பாருங்கள். பின்னால் பெரிய கிடங்கு. முன்னால் காயைக் கொட்டித் தரம் பிரிக்கும் இடம். கிடங்கில் ஆயிரம் கூடை இருக்கலாம். ஆனால் முன்னிடம் சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? நாலு கூடையைக் கொட்டியதும் நிறைந்துவிடும். ஒன்றை உள்ளே கொண்டுபோய் வைத்த பிறகுதான் இன்னொன்றை எடுத்துவர முடியும். ஆட்கள் நடந்தே களைத்துப் போவார்கள்.

கம்ப்யூட்டரில் கிடங்குக்குப் பெயர் ஹார்டு டிஸ்க். முன்னிடத்துக்குப் பெயர் ரேம். தமிழில் நினைவகம் என்கிறோம். இதன் அளவை ஜி.பி. என்று சொல்வார்கள். பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் 2 ஜி.பி.தான் இருக்கும். இன்றைய இணையப் பக்கங்களுக்கு அது போதாது. 4 ஜி.பி. இருந்தால் சமாளிக்கலாம். 8 இருந்தால் நிம்மதி.

இந்த நினைவகம் ஓட்டைக் குடம் போன்றது. அதில் உள்ள மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு விநாடிக்குப் பத்துப் பதினைந்து தடவை அதைத் திரும்ப நிரப்புகிறார்கள். இப்படிப்பட்ட நினைவகத்தைக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை செய்த ராபர்ட் டென்னார்ட். 1968-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கரண்ட் போனால் நிரப்புவதும் நின்றுவிடும். உடனே எல்லாம் மறந்துவிடும். பாதி எழுதிய விண்ணப்பத்தைச் சேமிக்காமல் விட்டால் அது காணாமல் போவது இதனால்தான்.

ரேம் ஒரு விரலைவிட நீளமான பச்சைத் தகடு. வாங்கும்போதுதான் கவனம் வேண்டும். டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று வகைகள் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. தகட்டின் அடியில் ஒரு வெட்டு இருக்கும். வகைக்கு வகை அது இடம் மாறும். மடிக் கம்ப்யூட்டரின் ரேம் இன்னும் குட்டை. அதுவும் இங்கே உதவாது. ஆகவே பழைய தகட்டையே கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது. திருப்பதியிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கடைகள் உண்டு. 2025 கடைசியில் உலகம் முழுவதும் ரேம் விலை ஏறியது. எனவே இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள். பழைய வகை செகண்ட் ஹேண்டிலும் கிடைக்கும். போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்க வேண்டும்.

மாட்டுவது கடினம் இல்லை. கை கால் முறிந்தால்தான் புத்தூர் கட்டுக்குப் போக வேண்டும். இதற்கு ஓர் ஸ்குரூ டிரைவர் போதும். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பெட்டியின் மூடியைத் திறங்கள். பெட்டியின் இரும்புப் பகுதியைக் கையால் தொடுங்கள். நம் உடம்பில் தேங்கிய மின்சாரம் அதில் இறங்கிவிடும். அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ரேமைக் கெடுத்துவிடும். தகட்டின் ஓரத்தைப் பிடியுங்கள். மஞ்சள் பற்களைத் தொடாதீர்கள். வெட்டைப் பார்த்து வைத்து, இரண்டு முனையையும் நேராக அழுத்துங்கள். 'டக்' என்று கொக்கி விழும். விழவில்லை என்றால் பலத்தைக் காட்ட வேண்டாம். திருப்பி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. ரேம் எல்லா நோய்க்கும் மருந்து அல்ல. 32 பிட் விண்டோஸ் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டாலும் பயன் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11 மிகப் பழைய பிராசஸரை ஏற்பதில்லை. ரேம் கூட்டினாலும் அது மாறாது. அப்படிப்பட்ட கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போடலாம்.

இனி பிளக்கை மாட்டி சுவிட்சைப் போடுங்கள். 'பீப் பீப்' என்று கத்தி, திரை கறுப்பாகவே இருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் தகடு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். மறுபடி பிளக்கைப் பிடுங்கி, தகட்டைக் கழற்றி, பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து மாட்டுங்கள். திரை வந்ததும் கம்ப்யூட்டரின் விவரப் பக்கத்தைத் திறங்கள். 2 இருந்த இடத்தில் 4 என்றோ 8 என்றோ காட்டும். அதைப் பார்த்த பிறகு மூடியைப் பூட்டுங்கள்.