பதுங்கிக் காத்தல்

துப்பறியும் கதைகளில் பதுங்கிக் காத்திருக்கும் கட்டம் வெறும் காலப்போக்கே என்பாருளர். கானன் டாயில் 1902-ல் நூலாக வெளியிட்ட ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’ என்னும் நவீனம் அவர்களுக்குத் தக்க விடையாகும். கொலைஞன் ஸ்டேபிள்டனைத் தண்டிக்கச் சாட்சியம் போதாது. ஆதலின், அவனைக் கையுங்களவுமாகப் பிடிக்க எண்ணிய ஹோம்ஸ், தம்மை நம்பிவந்த ஸர் ஹென்றியையே இரையாக்கி, டார்ட்மூர் வெளியில் பாறை மறைவில் காத்திருக்கிறார். அந்தோ, மூடுபனி எழுந்து பாதையை நோக்கித் தவழ்கின்றது! ஸர் ஹென்றியோ எதிரியின் வீட்டைவிட்டு இன்னும் புறப்பட்டபாடில்லை. நேயர்கள் பதறுவது எதனால்? காத்திருப்பவர் பணயம் வைத்தது பிறர் உயிரை அல்லவா! வேட்டைநாய் மாள்கிறது, ஸர் ஹென்றி பிழைக்கிறார். ஆயினும், கலங்கிய அவர் மனம் தேற உலகையே சுற்றிவர நேரிட்டது. ஹோம்ஸின் சாமர்த்தியத்தைப் புகழ்வோர் இதனை ஏனோ சொல்வதில்லை, டாயில் மறைக்கவில்லை.