கூடையும் கொள்கையும்



குடும்ப இதழொன்றில் கூடைப்பந்துக்கு என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். விளையாட்டு என்றாலே வீண்பொழுது எனக் கருதுவோர் நம்மிடையே உண்டு. ஆனால், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதை நாம் அறிவோம். உடலுக்கு வலிவூட்டும் ஆட்டத்தை நம் மார்க்கம் வெறுக்கவில்லை. கடமையை மறக்கடிக்கும் ஆட்டத்தைத்தான் அது வெறுக்கிறது. பல்லாண்டுகளாக இவ்வாட்டத்தைப் பார்த்து மகிழ்ந்து வரும் ஓர் இரசிகன் என்ற முறையில், அந்த எல்லைக்கோட்டை மனத்தில் வைத்தே சில எண்ணங்களை உங்கள்முன் வைக்கிறேன்.

இரு களங்கள்

1891-ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பழக்கூடைகள் இரண்டை உயரே பொருத்தி இந்த ஆட்டத்தைத் தோற்றுவித்தார். இன்று அந்நாட்டில் இதற்குப் பெருங்களங்கள் இரண்டு உள்ளன. ஒன்று கல்லூரிக் களம், மற்றொன்று என்.பி.ஏ. என்னும் தொழில்முறைக் களம்.

கல்லூரிக் களத்தில் ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் 68 அணிகள் மோதுகின்றன. ஒரே ஒரு தோல்வி போதும். மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்ப வேண்டியதுதான். தொழில்முறைக் களத்திலோ 30 அணிகளும் ஒவ்வொரு பருவத்திலும் ஆளுக்கு 82 ஆட்டங்கள் ஆடுகின்றன. இறுதிச் சுற்றில் நான்கு வெற்றிகளை முதலில் ஈட்டும் அணியே பட்டம் பெறும்.

இளமையில் எனக்குக் கல்லூரி ஆட்டமே உயர்வாகப் பட்டது. கூலி கருதாமல் கல்லூரியின் பெயருக்காக ஆடுகிறார்களே என்று உள்ளம் உருகியதுண்டு. ஆனால் அரங்கு நிறைய மக்கள் கூடுகிறார்கள், தொலைக்காட்சி நிறுவனங்கள் கோடி கோடியாய்க் கொட்டுகின்றன, ஓடி வியர்க்கும் மாணவனுக்கோ கல்வி உதவித் தொகைக்கு மேல் ஒன்றுமில்லை என்பது புரிந்தபோது அந்த உருக்கம் தணிந்தது. உழைப்பவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். 2021-இல் மாணவ ஆட்டக்காரர்கள் தம் பெயராலும் உருவத்தாலும் பொருள் ஈட்ட அனுமதி கிடைத்தபோது, ஆட்டத்தின் தூய்மை போயிற்றே எனப் பலர் வருந்தினர். எனக்கு அந்த வருத்தம் எழவில்லை.

அடைத்த கதவும் திறந்த வழியும்

நியூயார்க்கில் 1947-இல் பிறந்த லூ அல்சிண்டர், லாஸ் ஏஞ்சலஸ் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்துக்காக மூன்று பருவங்கள் ஆடினார். 1967, 1968, 1969 ஆகிய மூன்றாண்டுகளிலும் கல்லூரிப் பட்டம் அவருடைய அணிக்கே கிடைத்தது. ஏழடிக்கு மேல் உயர்ந்த அவர் கூடைக்கு மேலிருந்து பந்தைத் திணிப்பதைக் கண்டு திகைத்தனர் போலும்! 1967-இல் கல்லூரி ஆட்டத்தில் அவ்வாறு திணிப்பதே தடை செய்யப்பட்டது. அந்தத் தடை ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்தது.

அவர் மனம் தளரவில்லை. கையை வளைத்துத் தலைக்கு மேலிருந்து பந்தை மெல்ல எறியும் முறையை மேலும் செம்மைப்படுத்திக்கொண்டார். எதிராளியின் கைக்கு எட்டாத அந்த எறிதலே பின்னாளில் அவருடைய முத்திரையாயிற்று.

கல்லூரி நாட்களிலேயே, 1968-இல், அவர் இஸ்லாத்தைத் தழுவினார். 1971-இல் மில்வாக்கி அணிக்குப் பட்டம் பெற்றுத் தந்தபின் கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெயரை உலகறியச் சூடினார். புகழின் உச்சியில் பழைய பெயரை விடுவது எளிதான செயலா? தொழில்முறைக் களத்தில் இரு பெயர்களாலும் சேர்த்து அவர் 38,387 புள்ளிகளைக் குவித்தார். அச்சாதனை 2023 பிப்ரவரியில்தான் முறியடிக்கப்பட்டது.

நோன்பு நோற்ற வீரர்

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 1963-இல் பிறந்த ஹக்கீம் ஒலாஜுவான் கால்பந்தும் கைப்பந்தாட்டமும் ஆடி வளர்ந்தவர். பதின்பருவத்தின் பிற்பகுதியில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். 1983-இல் அவருடைய ஹூஸ்டன் பல்கலைக் கழக அணி, கல்லூரி இறுதியாட்டத்தின் கடைசி நொடியில் விழுந்த கூடையால் 54-52 என்ற கணக்கில் வடக்குக் கரோலினா மாநிலப் பல்கலைக் கழக அணியிடம் தோற்றது. மறு ஆண்டும் இறுதியாட்டத்தில் தோல்விதான். கல்லூரிக் களத்தின் இரக்கமின்மைக்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

தொழில்முறைக் களமோ பொறுமைக்குப் பரிசளித்தது. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு 1994-இலும் 1995-இலும் அவர் பட்டம் ஈட்டித் தந்தார். ஆனால் என் நெஞ்சில் நிலைத்திருப்பது அந்தப் பட்டங்கள் அல்ல. 1995 பிப்ரவரி மாதம்தான். அவ்வாண்டு ரமளான் அம்மாதத்தில் அமைந்தது. ஸஹர் உணவுக்குப்பின் மஃரிபு வரை ஒரு மிடறு தண்ணீரும் அருந்தாமல் அவர் நோன்பு நோற்றார். பகலில் நடந்த ஆட்டங்களிலும் நோன்போடே ஓடினார். அந்த மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது அவருக்கே வழங்கப்பட்டது! தேர்வு நெருங்கினால் பிள்ளைக்கு நோன்பு வேண்டாமென்று தயங்கும் பெற்றோர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

பில்கீஸின் முக்காடு

இப்போது நம் வீட்டுப் பெண்மக்கள் கேட்க வேண்டிய வரலாறு. கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் பிறந்தவர் பில்கீஸ் அப்துல் காதிர். முக்காடும், கைகால்களை மறைக்கும் உடையும் அணிந்தே பள்ளி ஆட்டங்களில் 3,070 புள்ளிகள் எடுத்தார். ஆண், பெண் இருபாலாரிலும் அம்மாநிலத்தின் பள்ளிச் சாதனை அதுவே. பின்னர் மெம்பிஸ் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதற்பிரிவில் ஹிஜாபுடன் ஆடிய முதற்பெண் ஆனார்.

கல்லூரி முடிந்து வெளிநாட்டில் தொழில்முறையாக ஆட விரும்பியபோதுதான் இடி விழுந்தது. சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதி, தலையை மறைப்பதைத் தடுத்தது. முக்காட்டை எடுத்தால் பிழைப்பு, எடுக்காவிட்டால் வீடு. பில்கீஸ் முக்காட்டை எடுக்கவில்லை.

இந்த விதி அவரை மட்டும் வாட்டவில்லை. 2014-இல் சீனாவில் நடந்த ஆசியப் போட்டியில் இந்திய அணியின் சீக்கிய வீரர்கள் இருவர் தலைப்பாகையைக் கழற்றுமாறு பணிக்கப்பட்டனர். அதே ஆண்டு தென்கொரியாவின் இன்சியானில் நடந்த ஆசிய விளையாட்டில், ஹிஜாபுக்கு இடமில்லை என்றறிந்த கத்தார் நாட்டுப் பெண்கள் அணி ஆடாமலே விலகிக்கொண்டது. பில்கீஸும் பலரும் தொடர்ந்து எழுப்பிய குரலுக்குப்பின், 2017-இல் விதி திருத்தப்பட்டது. அதற்குள் பில்கீஸின் ஆட்டப் பருவமே கடந்துவிட்டது. தமக்குக் கிட்டாத வாய்ப்பை அடுத்து வருவோருக்குப் பெற்றுத் தந்த மனநிறைவு மட்டும் அவருக்கு எஞ்சியது.

இரசிகனின் கடமை

எந்தக் களம் சிறந்தது என்று என்னைக் கேட்டால், இப்போது வேறு விதமாகவே விடை சொல்வேன். கல்லூரிக் களம் ஒரு மனிதனின் துணிவைக் காட்டுகிறது; தொழில்முறைக் களம் அவனுடைய நிலைத்த தன்மையைக் காட்டுகிறது. இவ்விரண்டையும் கடந்து, எதை விட்டுக்கொடுக்க மறுத்தான் என்பதில்தான் ஆளை அறிகிறோம்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் மாலையில் தொடங்கும் ஆட்டம் நமக்கு அதிகாலையில் வருகிறது. சுபுஹுத் தொழுகையை அவசர அவசரமாக முடித்துவிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்த நாட்கள் எனக்குண்டு. நோன்போடு ஆடிய ஹக்கீமைப் பார்ப்பதற்காகத் தொழுகையில் விரைந்தவன் அவரிடம் என்ன கற்றான் என்ற கேள்வி ஒருநாள் என்னைச் சுட்டது. அன்றுமுதல், தொழுது, ஓதி முடித்த பிறகே ஆட்டம்; தொடக்கப் புள்ளிகள் தவறினால் தவறட்டும் என்றிருக்கிறேன்.

உங்கள் மகளும் பந்தைக் கையிலெடுக்க ஆசைப்படலாம். உடையைக் காரணம் காட்டி அவளைத் தடுக்காதீர்கள். நம் சமுதாயம் நடத்தும் பெண்கள் பள்ளிகளில் சுற்றுச்சுவருக்குள் ஒரு கூடை நடுவதற்குப் பெருஞ்செலவு ஆகாது. அடுத்த முறை பள்ளி நிர்வாகிகளைச் சந்திக்கும்போது அதைக் கேட்டுப் பாருங்கள். இன்ஷா அல்லாஹ், நன்மையே விளையும்.