சித்திரை வெயிலுக்கு அஞ்சாத வாண்டா

ஆர்க்கிட் என்றாலே ஊட்டி, ஏற்காடு என்று மனம் மலையேறிவிடுகிறது. ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்திலோ சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும். தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் வாடகை வீட்டு மொட்டைமாடியில் துளசியே வாடும்போது ஆர்க்கிட் எங்கே பிழைக்கும் என்று பலரும் ஆசையை விட்டுவிடுகிறார்கள். விடவேண்டியதில்லை.

'வாண்டா டெசெலேட்டா' என்ற ஆர்க்கிட் நம் சமவெளியின் பூ. கோரமண்டல் கரையோரக் கோயில்காடுகளிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்வது. கோரமண்டல் கரைத் தாவரங்களைப் படத்துடன் பதிவு செய்த வில்லியம் ராக்ஸ்பர்க் 1795-லேயே இதை விவரித்திருக்கிறார். 1820-ல் ராபர்ட் பிரவுன் வாண்டா என்ற பேரினத்தை நிறுவியதும் இந்தச் செடியை வைத்துத்தான். மஞ்சள் கலந்த பச்சை இதழில் பழுப்புக் கட்டங்கள், நடுவே ஊதா நாக்கு, நல்ல மணம். உலகமெங்கும் விலைபோகும் கலப்பின வாண்டாக்கள் சிலவற்றுக்குத் தாய்வழியிலோ தந்தைவழியிலோ இதுவே மூதாதை.

இதற்குத் தொட்டியும் மண்ணும் வேண்டாம். இடைவெளி விட்ட மரக்கூடையில் நாலைந்து கரித்துண்டு போட்டுத் தொங்கவிட்டால் போதும். வேர் காற்றில் நீளும். வேரைக் கூர்ந்து பார்த்தால் வளர்ப்பின் சூட்சுமம் பிடிபடும். காய்ந்த வேர் சாம்பல் வெள்ளையாக இருக்கும். தண்ணீர் பட்டதும் பஞ்சு போன்ற மேலுறை அதை உறிஞ்ச, கொஞ்ச நேரத்தில் வேர் முழுதும் பச்சையாகிவிடும். பச்சையாகும்வரை நனையுங்கள், பிறகு காயவிடுங்கள். கோடையில் காலையில் ஒருமுறை தவறாமல். வெயில் கொளுத்தினால் பிற்பகலிலும்.

இந்தச் செடியைக் கொல்வது பெரும்பாலும் வெயில் அல்ல, இரவில் குருத்துக்குள் தேங்கும் தண்ணீர். குருத்து அழுகினால் அந்தத் தண்டு அதற்குமேல் வளராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடியைக் கூரைக்கடியில் நகர்த்துவது நல்லது. அடுத்த எதிரி உப்பேறிய போர் தண்ணீர். வேரில் வெள்ளைப் படலம் படிந்தால் அதுதான் அறிகுறி. மழைநீரைப் பிடித்துவைத்து ஊற்றலாம்.

வெளிச்சத்தை இலையே சொல்லிவிடும். கரும்பச்சை என்றால் நிழல் அதிகம், பூ வராது. இளம்பச்சை சரி. கருகல் திட்டு விழுந்தால் 50 சதவீத நிழல்வலை கட்டவேண்டும். வாரம் ஒருமுறை 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்துத் தெளித்தால் போதும்.

வாங்கும்போது கவனம் தேவை. நீல வாண்டாவின் மூலச்செடி வடகிழக்கு மலைகளின் குளிருக்குப் பழகியது, இங்கே திணறும். நீலப் பூதான் வேண்டுமென்றால், வெப்பம் தாங்கும் கலப்பினமா என்று நர்சரியில் கேட்டு வாங்குங்கள். தூசி போன்ற ஆர்க்கிட் விதை காட்டில் முளைக்க ஒரு பூஞ்சையின் துணை வேண்டும். முளைத்தது பூக்கப் பல வருஷமாகும். ஆகவே மரத்திலிருந்து பிய்த்து வந்த செடியை யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஆய்வகத்தில் வளர்த்த கன்றையே கேளுங்கள்.