குறைகடத்திச் சாதன உருவகப்படுத்தலில் குவிதல்

குறைகடத்திச் சாதன உருவகப்படுத்தல் என்பது டையோடு, டிரான்சிஸ்டர் போன்றவற்றின் உள்ளே மின்னழுத்தமும் மின்னூட்ட ஊர்திகளும் எவ்வாறு பரவியுள்ளன என்பதைக் கணினியால் கணக்கிடும் முறையாகும். இதில் ஒரு தொடக்க மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பத் திருத்துவர். சுற்றுக்குச் சுற்று திருத்தம் சிறுத்து விடை நிலைபெறுவது குவிதல் எனப்படும். குவியாத கணக்கீட்டின் எண்களுக்குப் பொருளில்லை. அதே சமயம், குவிந்த விடை எல்லாம் சரியான விடையும் அல்ல.

சமன்பாடுகள்

இத்துறையின் அடிப்படைச் சமன்பாடுகளை வான் ரூஸ்புரோக் 1950 இல் வெளியிட்டார். அவை மூன்று. பாய்சான் சமன்பாடு மின்னூட்டப் பரவலிலிருந்து மின்னழுத்தத்தைத் தருகிறது. மற்ற இரண்டும் எலக்ட்ரான்களுக்கும் துளைகளுக்கும் உரிய தொடர்ச்சிச் சமன்பாடுகள். ஒன்றின் விடை மற்றவற்றைச் சார்ந்திருப்பதால் மூன்றையும் இசைவாகத் தீர்க்க வேண்டும்.

குவியாமைக்குக் காரணம்

ஊர்திச் செறிவு மின்னழுத்தத்தை அடுக்குக்குறி முறையில் சார்ந்துள்ளது. 300 கெல்வின் வெப்பநிலையில், சமநிலையில், மின்னழுத்தம் 0.06 வோல்ட் மாறினால் செறிவு ஏறத்தாழ 10 மடங்கு மாறும். எனவே மதிப்பீட்டில் 0.6 வோல்ட் பிழை இருந்தால் செறிவில் 10¹⁰ மடங்கு பிழை நேரும். மேலும், ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁷ மாசு அணுக்கள் சேர்த்த சிலிக்கானில் சிறுபான்மை ஊர்திகள் ஏறத்தாழ 10³ மட்டுமே. இவ்வளவு பெரிய இடைவெளி, கணினி எண்களின் ஏறத்தாழ 16 இலக்கத் துல்லியத்தைச் சோதிக்கிறது.

இரண்டு தீர்வு முறைகள்

கம்மல் முறை (1964): மூன்று சமன்பாடுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்க்கப்படும். பாய்சான் சமன்பாட்டைத் தீர்க்கும்போது செறிவுகளை அப்படியே நிறுத்தி வைப்பதில்லை. அவை மின்னழுத்தத்துடன் சேர்ந்து மாற விடப்படுகின்றன. அதனால் திருத்தங்கள் எல்லை மீறுவதில்லை. தொடக்க மதிப்பீடு சுமாராக இருந்தாலும் இம்முறை தாங்கும். ஆனால் மின்னோட்டம் மிகும்போது மிக மெதுவாகக் குவியும்.

நியூட்டன் முறை: மூன்றும் ஒருசேரத் தீர்க்கப்படும். விடைக்கு அருகில் வந்துவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்கள் ஏறத்தாழ இரட்டிக்கும். தொலைவில் தொடங்கினால் விடை சிதறிவிடக்கூடும். எனவே கம்மல் முறையில் தொடங்கி நியூட்டன் முறையில் முடிப்பது வழக்கம்.

கணுக்களுக்கிடையே மின்னோட்டம்

மின்னோட்டத்தைச் சாதாரண வேறுபாட்டு முறையில் எழுதினால், அடுத்தடுத்த கணுக்களின் மின்னழுத்த வேறுபாடு 0.052 வோல்ட்டைத் தாண்டும்போது செறிவு எதிர்மறை எண்ணாக வரக்கூடும். மின்புலம் சென்டிமீட்டருக்கு 10⁵ வோல்ட் உள்ள சந்தியில் இதைத் தவிர்க்கக் கணு இடைவெளி ஏறத்தாழ 5 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். 1969 இல் ஷார்ஃபெட்டரும் கம்மலும் இதற்குத் தீர்வு கண்டனர். இரு கணுக்களுக்கிடையே மின்னோட்டமும் மின்புலமும் மாறிலி எனக் கொண்டு, செறிவு வளைவை அடுக்குக்குறிச் சார்பாகவே பெற்றனர். இன்றும் இம்முறை பரவலாகப் பயன்படுகிறது.

நடைமுறை வழிகள்

• சுழி வோல்ட்டில் தொடங்குதல். அங்கு ஒவ்வொரு இடமும் மின்னடுநிலையில் உள்ளது எனக் கொண்டால் நல்ல தொடக்க மதிப்பீடு கிடைக்கும்.
• மின்னழுத்தத்தைச் சிறு படிகளாக உயர்த்தி, முந்தைய படியின் விடையை அடுத்த படிக்குத் தொடக்கமாகக் கொள்ளுதல். குவியாவிட்டால் படியைப் பாதியாக்குதல்.
• ஒரு சுற்றில் மின்னழுத்தம் மாறும் அளவுக்கு வரம்பு வைத்தல்.
• சந்திக்கு அருகில் கணுக்களை நெருக்கமாக அமைத்தல்.
• முறிவு நிலையில் மின்னோட்டம் செங்குத்தாக உயர்வதால், மின்னழுத்தத்துக்குப் பதிலாக மின்னோட்டத்தைப் படிப்படியாக உயர்த்துதல்.

விடையைச் சரிபார்த்தல்

நிலைத்த நிலையில் எல்லா முனைகளின் மின்னோட்டங்களையும் குறியுடன் கூட்டினால் சுழி வர வேண்டும். பின்னோக்குச் சார்பில் மின்னோட்டம் மிகச் சிறியது. மின்னழுத்தம் நிலைபெற்ற பின்னும் அது நிலைபெறாமல் இருக்கலாம். அடுத்து, கணு இடைவெளியைப் பாதியாக்கி மீண்டும் கணக்கிட வேண்டும். மின்னோட்டம் குறிப்பிடத்தக்க அளவு மாறினால் முதல் விடை சாதனத்தின் இயல்பை அல்ல, கணுக்களின் அமைப்பையே காட்டியது எனக் கொள்ள வேண்டும்.